'பி'யில் டிக் போட்ட அட்டை

ஜூலை 15, திங்கள்

இன்று செய்த வேலை: இருபத்திரண்டு துணித் துண்டுகளைச் சதுரமாக வெட்டி அட்டையில் ஒட்டினேன். ஒட்டி முடித்தபோது மணி பத்தே கால். ஆபீஸ் விடுவது ஏழு மணிக்கு.

நடுவில் இருந்த நேரத்தில் என்ன செய்தேன்? எக்செல் சீட்டில் ஒரு வரியை அழித்துவிட்டு அதே வரியை மறுபடி அடித்தேன். பிறகு அடுத்த வரி. கீழே வரை வந்ததும் மேலே இருந்து ஆரம்பித்தேன். விரல் அசைந்துகொண்டே இருந்தால்தான் மேனேஜர் வேல்குமார் சார் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

பி.டெக். டெக்ஸ்டைல், முதல் வகுப்பு. ஐந்து மாதமாக மெர்ச்சண்டைசர் டிரெய்னி. வெளிநாட்டு பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று, ஒரு ஆர்டர் கப்பல் ஏறும்வரை அதன் பின்னால் ஓடுகிறவர்தான் மெர்ச்சண்டைசர் என்று கல்லூரியில் சொன்னார்கள். நான் எங்கேயும் ஓடவில்லை. எனக்கென்று மெயில் ஐடி கூடக் கிடையாது.

சார் திட்டுவதே இல்லை. திட்டினால் வீட்டில் போய்ச் சொல்லி அழலாம். "ஏனுங்க ஜோதிகா, டேபிளக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கலாமுங்களா? வெளிச்சம் உங்க கண்ணுல அடிக்குது பாருங்க" என்றார் போன வாரம். எவ்வளவு அக்கறை! இப்போது என் ஸ்கிரீன் முழுக்க அவர் நாற்காலிக்குத் தெரிகிறது.

ஜூலை 16, செவ்வாய்

பாத்ரூம் போய்வர எனக்குப் பதினோரு நிமிடம் ஆனதாம். அவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஜூலை 18, வியாழன்

அம்மா மண்ணரையில், கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஒரு ஜாப்வொர்க் யூனிட்டில் ஓவர்லாக் தைக்கிறாள். இன்று ஒன்றரை ஷிப்ட். வந்ததும் சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. பாத்திரம் கழுவலாம் என்று எழுந்தேன்.

"நீ இரு ட்டீ. காலைலேர்ந்து மண்டைய ஒடச்சிக்கிட்டு வந்திருக்க. படிச்ச வேலன்னா சும்மாவா?"

சும்மாதான் அம்மா. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "இன்னைக்கு ரொம்ப வேலை" என்று நானே முதல் மாதத்தில் ஆரம்பித்து வைத்த பொய். இப்போது அவள் வீங்கிய காலோடு பாத்திரம் கழுவுகிறாள். ஒன்றுமே செய்யாமல் வந்த நான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இருபது வருடத்தில் எங்கள் சொந்தத்திலேயே ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா அயர்னிங் டேபிளில் நின்றபடியே அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 20, சனி

வயிற்று வலி என்று லீவு சொல்லிவிட்டு ராயபுரத்தில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன்.

"இப்ப இருக்கற கம்பெனில எந்த ஆர்டர் ஹேண்டில் பண்றீங்க?"

ஒன்றுமில்லை.

"பையர்கூட டைரக்டா மெயில் போடுவீங்களா?"

இல்லை.

"காஸ்டிங்? பீஸுக்கு வெல போடுவீங்களா?"

இன்டர்வியூ எடுத்த அம்மா என் பயோடேட்டாவை மேஜையில் மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். "அஞ்சு மாசமா அங்க என்னதானுங்க பண்றீங்க?" கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

இங்கே வேலை கொடுக்காததால் வேறு எங்கேயும் வேலைக்கு லாயக்கில்லாதவளாகிக்கொண்டிருக்கிறேன். இது எனக்கு ஏன் இவ்வளவு நாள் உறைக்கவில்லை?

வெளியே வந்து பார்த்தால் சாரிடமிருந்து மூன்று மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டேன். "உடம்பு எப்படி இருக்குதுங்க? எந்த டாக்டருங்க?" நான் டாக்டர் பெயர் ஒன்றைச் சொன்னேன். "அவரு சனிக்கிழமை பாக்கறதில்லீங்களே" என்றார்.

ஜூலை 23, செவ்வாய்

கேன்டீனில் பொங்கியண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தார். துணிப் பிரிவு இன்சார்ஜ். நூல் வந்து, துணியாகி, சாயத்துக்குப் போய்த் திரும்பும்வரை அவர் பொறுப்பு. பதினேழு வருடமாக இங்கே இருக்கிறார். இந்தக் கம்பெனியில் என்னிடம் உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள்.

"முன்னாடி ஒரு புள்ள இருந்துச்சு கண்ணு. வேல்குமாரே கையப் புடிச்சு எல்லாஞ் சொல்லிக் குடுத்தாரு. ரெண்டு வருசம். அப்புறம் பையரையே கூட்டிக்கிட்டு வேற கம்பெனிக்குப் போயிருச்சு. அன்னைல இருந்து இந்த மனுசன் ஒரு குண்டூசியக் கூட இன்னொருத்தர் கையில குடுக்கறதில்ல."

அப்படியானால் என்னை எதற்கு எடுத்தார்கள்?

"முதலாளி ஆள் போடச் சொன்னாரு. போட்டாச்சு. வேலை குடுக்கோணும்னு சொல்லலியே!" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வெகு நாள் கழித்து.

ஜூலை 29, திங்கள்

சார் ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு பழனி போயிருக்கிறார். வருடா வருடம் காவடி எடுப்பாராம். இன்று நிம்மதியாக மூச்சு விடலாம் என்று நினைத்தேன். மணிக்கொரு தடவை போன்.

பதினொரு மணிக்கு கொரியர் வந்தது. குழந்தைகள் பனியன் ஆர்டருக்கு பையர் அனுப்பியது. அந்த ஆர்டருக்கு ஒரு வெளிர் பச்சை வேண்டும். சாயப்பட்டறையிலிருந்து மூன்று மாதிரித் துண்டு வந்தது. ஏ, பி, சி. அவற்றை பையருக்கு அனுப்பிய அட்டையில் ஒட்டியதும் நான்தான். 'ஏ'யில் ஒரு மஞ்சள் ஓட்டம் இருக்கும், 'பி' கொஞ்சம் சாம்பல் பூத்தது. ட்யூப்லைட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பையர் எதில் டிக் போட்டு அனுப்புகிறாரோ அந்த நிறத்தில்தான் மொத்தத் துணியும் போக வேண்டும்.

பட்டறையில் இன்றே மெஷின் காலி, விட்டால் பத்து நாள் தள்ளிப்போகும் என்று பொங்கியண்ணன் வந்து நின்றார். சாருக்குப் போன் போட்டேன்.

"ஏ-தானுங்க. நான் பையர்கிட்ட பேசிட்டனுங்க. ஓட்டச் சொல்லுங்க."

"சார், கவர் வந்திருக்கு. பிரிச்சுப் பார்த்துச் சொல்லட்டுங்களா?"

பின்னால் மேளச் சத்தம். "என்ற டேபிள் மேல இருக்கறத யாரும் தொட வேண்டாமுங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

கவர் அவர் மேஜையில் இருந்தது. என் நாற்காலியிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரம். யாரும் தொடவில்லை.

ஜூலை 31, புதன்

சார் நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். எல்லோருக்கும் பஞ்சாமிர்தம். கவரைக் கிழித்தார், போனில் பேசிக்கொண்டே அட்டையை உருவி என் பக்கம் நீட்டினார். "ஃபைல் பண்ணிருங்க."

டிக் 'பி'யில் இருந்தது. பச்சை மையில், பெரியதாக. பக்கத்தில் கையெழுத்து, தேதி.

அவர் போன் பேசி முடிக்கக் காத்திருந்து சொன்னேன். "சார், இதுல பி-ல டிக் பண்ணியிருக்காங்க."

என்னைப் பார்த்தார். அட்டையைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க ஜோதிகா, உங்கள ஃபைல் பண்ணச் சொன்னனுங்களா, படிக்கச் சொன்னனுங்களா?"

"இல்ல சார், டையிங்ல ஏ ஓடிட்டு இருக்கு..."

"பையர் எனக்கு இன்னைக்கு நேத்தாங்க பழக்கம்? எட்டு வருசமுங்க. உங்களுக்கு அஞ்சு மாசம். பஞ்சாமிர்தம் எடுத்துக்கங்க."

ஃபைல் பண்ணினேன். பஞ்சாமிர்தமும் தின்றேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பொங்கியண்ணன் நேராக என் மேஜைக்கு வந்தார். "கண்ணு, பையர் கார்டு வந்துருச்சா? ஏ-தானே? மொதல் லாட்டு எறங்கிருச்சு. ரெண்டாவது ஏத்தறதுக்குள்ள ஒருவாட்டி கண்ணுல பாத்தரலாம்னு வந்தேன்."

ஃபைல் என் முழங்கைக்குக் கீழே இருந்தது.

சார் தலை நிமிரவில்லை. ஆனால் கீபோர்டு சத்தம் நின்றுவிட்டது.

"சார்கிட்ட கேளுங்கண்ணா" என்றேன்.

பயம்தான் காரணம் என்று எழுதினால் பாதி பொய். பயம் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. என்னை ஒன்றும் தெரியாதவளாக உட்கார வைத்திருக்கிறீர்கள் அல்லவா? சரி, எனக்கு ஒன்றும் தெரியாது. எப்படியோ போங்கள். அதைச் சொல்லும்போது ஒரு சந்தோஷம்கூட வந்தது, சீ.

"அவர்ட்ட கேட்டா, 'நான் சொன்னது பத்தாதுங்களா'ம்பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அம்மா வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. "ஒங்க கம்பெனி பீஸுதான் இப்பம் எங்களுக்கு வந்திருக்கு. சின்னப் பிள்ளைக சட்ட. ஒரு மாசத்துக்கு ஒன்றர ஷிப்டு உண்டுன்னு சொல்லுதாவ. எம்மக ஆர்டருன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

தலைமுடியில், புருவத்தில் பச்சைப் பஞ்சு. ஒரு துண்டுத் துணியை மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். வாசலில் இன்னும் வெயில் இருந்தது. அந்த வெளிச்சத்தில் மஞ்சள் நன்றாகவே தெரிந்தது.

"கலரு நல்லாருக்குல்லா?"

"நல்லாருக்கும்மா."

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்னும் பாதித் துணி வெட்டவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டால் நிறுத்திவிடலாம். எனக்கு மெயில் இல்லை, முதலாளி நம்பர் இல்லை, சாரைத் தாண்டி யாரிடமும் போகக் கூடாது — இப்படிக் காரணங்களை வரிசையாக அடுக்கினேன்.

முதலாளி ரூம் மாடியில். பதினெட்டுப் படி. அவர் காலையிலிருந்து அங்கேதான் இருந்தார். நான் ஏறவில்லை. வேறு யாரும் தடுக்கவில்லை. இதை இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

துணித் துண்டு ஒன்பது. வேறு வேலை இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

பையர் பக்கத்து இன்ஸ்பெக்டர் வந்தார். பெட்டியிலிருந்து ஏழு பீஸை எடுத்து, நிறம் பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் தன் அட்டையின் நகலோடு வைத்தார். பகல் வெளிச்ச விளக்கைப் போட்டார். அவ்வளவுதான், ஒரு நிமிடம் ஆகவில்லை. பேனாவை எடுத்துவிட்டார்.

பதினாலாயிரம் பீஸ். மொத்தமும் ரிஜெக்ட்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். தூக்கம் வராது போல.

மாடியில் மீட்டிங். முதலாளி, சார், பொங்கியண்ணன். ஃபைலோடு என்னையும் கூப்பிட்டார்கள். இந்தக் கம்பெனியில் நான் உட்கார்ந்த முதல் மீட்டிங். முதலாளி கேட்டது ஒரே கேள்வி: பி என்று கார்டு வந்திருக்கிறது, ஏ எப்படி ஓடியது?

பொங்கியண்ணன் சொன்னார். "சார் போன்ல சொன்னாருங்க."

"நான் மொத லாட்டுக்கு மட்டுந்தானுங்க சொன்னேன்" என்றார் வேல்குமார் சார். குரலே உயரவில்லை. "முப்பத்தொண்ணாந் தேதி கார்டு வந்தவுடனே இவுருகிட்டக் குடுத்து, நிறுத்துங்கன்னு சொல்லிட்டனுங்க. ஜோதிகா கையிலதான் குடுத்தனுப்புனேன். இல்லீங்களா ஜோதிகா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனிடம் கொடுத்ததாகச் சொன்ன கார்டு என் ஃபைலுக்குள்ளேயே இருந்தது, ஃபைல் என் நெஞ்சோடு இருந்தது. திறந்து காட்டினால் போதும். வாயைக் கூடத் திறக்க வேண்டாம்.

"ஆமாங்க சார்."

ஐயோ, நான்தான் சொன்னேன். என் வாயால்தான். பொங்கியண்ணன் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் சத்தம் போடவில்லை. என்னையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஐடி கார்டைக் கழற்றி முதலாளி மேஜை ஓரத்தில் வைத்தார்.

சாயங்காலம் சார் வந்து நின்றார். "அந்த அட்டையக் குடுத்துருங்க ஜோதிகா. ஃபைல்ல எதுக்குங்க வீணா?" கொடுத்தேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

மெயில் ஐடி கொடுத்துவிட்டார்கள். என் பெயரில். டேபிளை மறுபடி திருப்பிப் போட்டாயிற்று. புது ஆர்டர் ஒன்றை முழுசாக என்னிடமே கொடுத்தார் சார்: பைஜாமா செட், நாலு நிறம், ஆறு சைஸ். "இனி நீங்களே பாத்துக்கங்க. எதுன்னாலும் எங்கிட்ட வாங்க."

பையருக்கு முதல் மெயிலை நான் எழுதினேன். பதில் வந்தது. 'அன்புள்ள ஜோதிகா' என்று யாரோ ஒரு வெளிநாட்டுக்காரி எழுதியிருக்கிறாள்.

நாள் போனதே தெரியவில்லை. மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியில்தான் பொங்கியண்ணன் ஐடி கார்டை மேஜையில் வைத்தது ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பதினேழு மெயில்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

அம்மா திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் இருக்கிறாள். தைத்த பீஸெல்லாம் திரும்பிப் போய்விட்டது, வெட்டியது வரவில்லை, யூனிட்டில் பாதி மெஷினுக்கு உறை போட்டுவிட்டார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் ஆபீஸில் மூழ்கியிருந்தேன். நான்கு நாளாக அவள் காலையில் டப்பா கட்டாததைக்கூட நான் கவனிக்கவில்லை.

"யாரோ ஒரு எடுபட்ட பய கலர மாத்தி ஓட்டிட்டானாம்" என்றாள் இன்று. "அம்பது பொம்பளைக வயித்துல அடிச்சிட்டானே. அவன் நல்லா இருப்பானா?"

சொல்லிவிட்டேன். கவர், அட்டை, 'சார்கிட்ட கேளுங்கண்ணா', 'ஆமாங்க சார்', எல்லாவற்றையும். ஆறு மாதமாக வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து.

அம்மா என் கைகளைப் பார்த்தாள். பிறகு, "அந்த அட்ட ஒன் கையிலயா ட்டீ இருந்திச்சி?"

"ஆமா."

"நான் துணியக் கொண்டாந்து காட்டினன்னைக்கி ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். கட்டிலில் இருந்த அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டு வைக்கிறாள்.

செப்டம்பர் 4, புதன்

பொங்கியண்ணன் போன் செய்தார். பெயரைப் பார்த்ததும் எழுந்துகொண்டேன். ஆபீஸ் படிக்கட்டில் போய் நின்று எடுத்தேன்.

"ஏனுங்க ஜோதிகா, நான் பொங்கியண்ணன் பேசறேனுங்க."

கண்ணு என்று சொல்லவில்லை. 'ங்க' போட்டுப் பேசினார், வேல்குமார் சார் பேசுகிற மாதிரியே.

"ராயபுரத்துல ஒரு கம்பெனில வேலைக்குக் கேட்டிருக்கறேனுங்க. ஷேடு மாத்தி ஓட்டுன ஆளுன்னு ஊரெல்லாம் பேச்சாயிருச்சு. விசாரிச்சுட்டுத்தான் எடுப்பாங்களாம். அந்த மீட்டிங்ல இருந்த ஆளு நம்பர் கேட்டாங்க. உங்க நம்பரக் குடுத்திருக்கறேன்."

"அண்ணா, என்னை மன்னிச்..."

"அதெல்லாம் வேண்டாமுங்க. எனக்கு நல்லது எதுவும் நீங்க சொல்ல வேண்டாம். உள்ளதச் சொன்னாப் போதும்."

வைத்துவிட்டார்.

செப்டம்பர் 5, வியாழன்

மூன்றரை மணிக்குப் போன் வந்தது. தெரியாத நம்பர். சார் அடுத்த டேபிளில் இருந்தார். எழுந்து வெளியே போகலாம், ஏழு நிமிடமோ பதினோரு நிமிடமோ ஆகட்டும். போகவில்லை. வெளியே போய் மெல்லச் சொன்னால் மறுபடியும் பாதிதான் சொல்லுவேன் என்று தோன்றியது.

"பொங்கியண்ணன்னு ஒருத்தருங்க. உங்க கம்பெனில ஷேடு மிஸ்டேக் பண்ணுனாருன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?"

"இல்லீங்க. அவர் பண்ணலீங்க."

கீபோர்டு சத்தம் நின்றது.

"பையர் பி-ல டிக் பண்ணி அனுப்புன அட்டையை அவர்கிட்ட யாருமே காட்டலீங்க. அவர் வந்து கேட்டாரு. அட்டை எங்கிட்டத்தான் இருந்துச்சு. நான் சொல்லல. வேல்குமார் சாருக்குத் தெரியும். மீட்டிங்ல நான் பொய் சொன்னேன்."

"நீங்க யாருங்க பேசறது?" அந்தப் பக்கம் கொஞ்சம் திகைத்துப் போனார்கள்.

"ஜோதிகா. மெர்ச்சண்டைசர்."

போனை வைத்தேன். ஹாலில் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏனுங்க ஜோதிகா," என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டவில்லை. முகம் கறுத்துப் போயிருந்தது. இத்தனை மாதத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. நான் பயந்தபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

செப்டம்பர் 6, வெள்ளி

பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. பைஜாமா ஆர்டர் ஃபைல் மேஜையில் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஹெச்.ஆர். கூப்பிட்டு, இன்றோடு போதும் என்றார்கள். இங்கே இருந்த ஆறரை மாதத்துக்கு அனுபவக் கடிதம் கிடையாதாம். அனுபவம் எதுவும் இல்லையே, கடிதத்தில்தான் என்ன எழுதுவார்கள்?

போகும்போது மாடிக்குப் போய் முதலாளியிடமும் சொன்னேன். "இத அன்னைக்கே சொல்லியிருக்கோணுமுங்க" என்றார். சாரை என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலையில் ராயபுரம் போனேன். அந்தக் கம்பெனிக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் ஓரத்தில் நின்றேன். எட்டே காலிலிருந்து ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எட்டரையும் தாண்டியது. வர மாட்டார் என்றே நினைத்தேன்.

எட்டு முப்பத்தைந்துக்கு பொங்கியண்ணன் டி.வி.எஸ்.ஸில் வந்தார். ஹேண்டில்பாரில் டிபன் பை. வண்டியை நிறுத்தி, கேட்டில் இருந்த நோட்டில் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிடவா வேண்டாமா என்று நிற்கும்போதே அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தேன். யூனிட்டில் இன்னும் கூப்பிடவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எங்கே போனேன் என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அப்பாவிடம் மட்டும்தான் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் சொல்லியிருக்க வேண்டும்.

"அந்த அண்ணாச்சி உள்ள போயிட்டாவளா?" என்றாள், நிமிராமல்.

"போயிட்டாரும்மா."

கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, முறத்தை என் பக்கமாகத் தள்ளினாள்.